மெர்வினின் முறை

"ரெண்டு வாயாவது சாப்பிடு எலினா. உனக்காக இல்லாட்டாலும் வயித்துல கிடக்கிற பிள்ளைக்காக."

அருள்செல்வி இட்லியைப் பிய்த்து நீட்டினாள். எலினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்படிக்கா இறங்கும்? அங்க கார் எரிஞ்சு கிடக்கு. அவிய இருக்காவளா, இல்லையான்னே தெரியல."

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டில் அப்போது அவர்கள் இருவர் மட்டும்தான். ஓரகத்திகள். அண்ணன் கிளாட்வினின் மனைவி அருள்செல்வி. தம்பி மெர்வினின் மனைவி எலினா, ஏழு மாதக் கர்ப்பிணி. அண்ணனும் தம்பியும் மலேசியாவில் நடக்கும் இருபத்துநாலு மணி நேரக் கார் பந்தயத்துக்குப் போயிருந்தார்கள். ஒரே கார்தான். இருவரும் முறை வைத்து மாறி மாறி ஓட்ட வேண்டும்.

விடிந்ததும் எலினா போனை எடுத்தபோது யாரோ அனுப்பிய வீடியோ வந்து கிடந்தது. அவர்களுடைய மஞ்சள் கார் வளைவில் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதுகிறது. குபீரென்று தீ. அத்தோடு வீடியோ முடிந்துவிட்டது. ஓட்டியது யார் என்று அதில் இல்லை.

ஆனால் எலினாவுக்குத் தெரியும். 'விடியக்காலம் என் முறை. ஜெபம் பண்ணிக்கோ' என்று மெர்வின் நேற்றே போனில் சொல்லியிருந்தான்.

அவள் தரையில் உட்கார்ந்தபோதுதான் வாசல் கதவு தட்டப்பட்டது. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து நின்றாள் அருள்செல்வி. வந்ததும் டிவியை அணைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். அதற்குப் பிறகு ஓயாமல் ஏதாவது ஒரு வேலை.

"யாருக்குமே லைன் கிடைக்கலையாக்கா?"

"கிடைக்கும். நீ செத்த நேரம் படு."

"நீங்க எப்படிக்கா இப்படி இருக்கீங்க?" எலினாவின் குரல் திடீரென்று உயர்ந்தது. "இட்லி அவிக்கீங்க, பாத்திரம் கழுவுதீங்க... பெரியத்தான் கார்ல இல்லைன்னு நிம்மதியா?"

அருள்செல்வி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எலினாவுக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கிளாட்வின் ராஜபாளையத்தில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். பெரிய பெரிய கம்பெனிகள் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டும் பந்தயத்தில், சொந்தக் காரோடு, தன் கையால் என்ஜினைப் பிரித்து மாட்டிக்கொண்டு இறங்குகிறவர். முதல் பந்தயத்தில் கார் பாதியில் நின்றது. அடுத்ததில் கடைசி இடம். ஊரே சிரித்தது. பத்து வருஷம் முட்டி மோதி, போன வருஷம் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார். அன்றைக்குத்தான் கிருஷ்ணன்கோவில் காலேஜில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். மில்லில் நல்ல வேலையில் இருந்த தம்பியையும் அதன் பிறகுதான் காரில் ஏற்றினார்.

"பெரியத்தானுக்குத்தான் அந்தப் பைத்தியம். என் வீட்டுக்காரர எதுக்கு இழுத்து விட்டாரு? இப்போ யாரு போனா? அவரா போனாரு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

அருள்செல்வி ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து எலினாவின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"மெர்வின் வந்துருவான்ட்டி. நான் சொல்லுதேன்லா."

எலினா கண்களை மூடிக்கொண்டாள். 'ஆண்டவரே, அவியள மட்டும் எனக்குத் திருப்பிக் குடும். வேற யாருக்கு என்ன ஆனாலும்...' ஜெபம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. தான் கேட்பது என்ன என்று புரிந்ததும் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

மத்தியானம் போன் அடித்தது. எலினா பாய்ந்து எடுத்தாள்.

"எலினா... நான்தான்."

"அக்கா! அவிய பேசுதாவ! அவிய உயிரோட இருக்காவ!"

"ஸ்தோத்திரம்" என்றாள் அருள்செல்வி. எலினாவின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, பின்வாசல் பக்கம் போனாள்.

"ரெண்டு கையும் வெந்து போச்சு எலினா. ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் கண்ணு முழிச்சேன்." மெர்வினின் குரல் உடைந்தது. "என் முறைதான் அது. எனக்குக் கண்ணு சொக்குறதப் பாத்துட்டு, 'இன்னும் செத்த நேரம் நானே ஓட்டுதேன்'னு அண்ணன் இறங்கவே இல்ல. ஓடிப்போய்த் தீக்குள்ள கைய விட்டு இழுத்தேன். என்னால அவனக் காப்பாத்த முடியல."

எலினா போனை இறுகப் பிடித்தாள். பெரியத்தானா? அவர் இறங்காமல் ஓட்டியது இவருடைய முறையிலா?

"ஐயோ... இத நான் அக்காகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

அப்போது பின்வாசலிலிருந்து ஓர் ஓலம் எழுந்தது. அந்த வீடே அதிர்ந்தது.

எலினா திடுக்கிட்டாள். "அக்கா அழுதாவ! அவியகிட்ட யாரு சொன்னா?"

"விடியக்காலமே எங்ககூட வந்த மெக்கானிக் சௌந்தரபாண்டியன் மதினிக்குப் போன்ல சொல்லிட்டானே. அண்ணன் போயிட்டான், என்னையும் ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிருக்கு, பிழைப்பனோ மாட்டனோன்னு கேட்டதும், 'எலினாவுக்கு ஒண்ணும் சொல்லாத, பிள்ளத்தாச்சி தாங்க மாட்டா, நான் அவகிட்டப் போறேன்'னு சொல்லிட்டுத்தான் மதினி அங்க பஸ் ஏறி வந்தாவளாம்."