போர்மேன் கொடுத்த மரியாதை

“பொன்மணி, கொஞ்சம் வெளிய வாங்கம்மா.”

போர்மேன் சங்கரலிங்கம் இப்படிக் கூப்பிட்டதும் பொன்மணி செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகிறது. இந்தப் பதினோரு நாளில் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. மூதி, எருமை, கூறுகெட்டவளே. காலையில் வேனை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார். வளையல் போட்டு வந்தால் வசவு. டப்பாவைத் தரையில் இழுத்தால் அதைவிடப் பெரிய வசவு. ஆமத்தூரிலிருந்து வருகிற பெண்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முதல் நாளே பக்கத்து வீட்டு மாரித்தாய் வேனில் வைத்துச் சொல்லியிருந்தாள்.

“அவரு வையுற வரைக்கும் பயமில்ல. என்னைக்கு மரியாதையாப் பேசுறாரோ, அன்னைக்குச் சூதானமா இருந்துக்கோ.”

ஏன் என்று பொன்மணி கேட்கவில்லை. கேட்கவா வேண்டும்? திடீரென்று குழைகிற ஆம்பளையைப் பற்றி ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் களையெடுக்கப் போன காலத்தில் ஒருத்தன் அப்படித்தான் குழைந்தான். அதோடு அந்தக் காட்டுப் பக்கமே அவள் போகவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத் தீபாவளி சீசன். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கூட வேலை பார்க்கிற ரோஜாவும் மற்ற இரண்டு பேரும் அடைத்த சரக்கைக் காயப்போடக் களத்துக்குப் போய்விட்டார்கள். அறையில் அவள் மட்டும் உட்கார்ந்து புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்துக்கு அண்ணாச்சி?” என்றாள்.

“ஒரு சேதி சொல்லணும். கையில உள்ளத அப்படியே கீழ வச்சிட்டு மெதுவா எந்திரிங்க.”

தொட்டில் பிள்ளை தூங்கும் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார். உதட்டில் ஒரு சிரிப்பை வேறு ஒட்டவைத்திருந்தார். கண் மட்டும் அவள் முகத்தில் இல்லை. அவள் இடுப்புக்குக் கீழே, பின்பக்கமாக எங்கேயோ நின்றது.

அவளுக்கு உடம்பு கூசியது. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பப் போனாள்.

“திரும்பாதீக தாயி. என்னைய மட்டும் பாருங்க.”

எழுந்தாள்.

“சேலையக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கோங்க.”

கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் உதட்டில் விரலை வைத்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“சத்தம் மட்டும் போட்டுறாதீக. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கத்தினால் என்ன ஆகும் என்று பொன்மணிக்குத் தெரியும். நாலு பேர் கூடுவார்கள். நாளைக்கு ஊர் அவரைப் பேசாது, அவளைத்தான் பேசும். வீட்டில் புருஷன் இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. வெளியே போய்விட்டால் களத்தில் ஆள் இருக்கும், அங்கே ஓடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு சேலையைக் கணுக்காலுக்கு மேலே பிடித்தாள்.

“காலத் தேய்க்காம, ஒவ்வொரு அடியா எடுத்து வைங்க” என்றார். அவளைப் பார்த்தபடியே அவர் பின்னால் நகர்ந்தார். ஏழெட்டு அடிதான். அதற்குள் அவளுக்கு ரவிக்கை நனைந்துவிட்டது.

வாசலைத் தாண்டியதுதான் தாமதம். சங்கரலிங்கம் அவள் கையை எட்டிப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடி, மண்மேட்டுக்குப் பின்னால் அவளைக் குப்புறத் தள்ளி, தானும் பக்கத்தில் விழுந்தார்.

பொன்மணி அவர் மணிக்கட்டைக் கடித்தாள். பயம், அவமானம் எல்லாம் சேர்ந்து பல் இறங்கும்படி கடித்தாள். வாயில் ரத்தம் கரித்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தரை தூக்கிப் போட்டது. கூரை ஓடும் மண்ணும் தலைக்கு மேலே பறந்து போய் விழுந்தன. புகை கொஞ்சம் விலகியதும் எட்டிப் பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த அறையில் ஒரு சுவரும் இன்னொரு பாதிச் சுவரும்தான் மிச்சம்.

களத்திலிருந்து ரோஜாவும் மற்றவர்களும் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டில், ராத்திரித் தூறலில் ஈரம் பட்ட மருந்து தானாகவே சூடேறிப் புகைய ஆரம்பித்திருந்ததாம். சாப்பாட்டுக்குப் பிறகு சுற்றி வந்தவர் வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறார்.

பொன்மணி அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். பல் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

“எப்பவும் போல கத்திக் கூப்பிட்டிருக்கலாமே அண்ணாச்சி. ஓடி வந்திருப்பேன்ல?”

“ஓடி வரக்கூடாதுன்னுதான் தாயி. தரையெல்லாம் மருந்து சிந்திக் கெடக்கு. பதறி ஓடினா, கால் உரசுனாப் போதும்.”

கட்டிய துணியை அவர் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“இதே மாதிரி பொகஞ்ச அன்னைக்கு எம் பொண்டாட்டியக் கத்தித்தான் கூப்பிட்டேன். வாசல் வரைக்கும்தான் ஓடி வந்தா.”