கொதிக்கும் இடம்

"ஊர்ல எவ்ளோ வூடு கீது. நம்ம வண்டி மட்டும் இன்னாத்துக்குண்ணே தினம் அந்த லில்லி வூட்டு வாசல்லயே கொதிக்குது?" ஏகாம்பரத்தின் மனைவி சுகுணா, ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் தேவநேசனிடம் கேட்டாள்.

"பங்காருபேட்டை ரோட்டு மேடு அங்கதான் முடியுது," என்றான் ஏகாம்பரம். "அந்தம்மா தண்ணி குடுக்குது, ஊத்திக்கினு வர்றேன்."

"தண்ணி ஊத்த அரை மணி நேரமா?"

ஓட்டை விழுந்த ஹோஸை தேவநேசன் இரண்டு வாரம் முன்பே மாற்றியிருந்தார். பானட்டைத் திறந்து பார்த்தார்; ஃபேன் பெல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. இன்னும் குனிந்தவர், ரேடியேட்டருக்கு முன்னால் செருகியிருந்த ஈரக் கோணியை இழுத்தார்.

"இதை யார் வெச்சது? காத்தே போவாம அடைச்சிக்கினு கீதே. கொதிக்காம இன்னா பண்ணும்?"

சுகுணாவின் குரல் தாழ்ந்தது. "நான்தான்ணே. ஹோஸ் மாத்துனதிலருந்து தினம் காலையில நனைச்சி வெக்கிறேன். பானைக்குச் சுத்துனா தண்ணி ஜில்லுன்னு ஆவுதே, அந்த மாதிரி வண்டியும் கொதிக்காது, அங்க நிக்காதுன்னு..."

ஏகாம்பரம் சிரித்தான். "நீயே கொதிக்க வெச்சிட்டு என்னைச் சந்தேகப்படுறியா?"

தேவநேசன் சிரிக்கவில்லை. "ஏம்பா, தினம் பானட்டைத் தொறந்துதானே தண்ணி ஊத்துன? இந்தக் கோணி உன் கண்ணுல படலியா?"

ஏகாம்பரத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. சுகுணா கோணியை வாங்கி, அவன் முகத்தைப் பார்த்தபடியே பிழிந்தாள்.