வடிகட்டிய சத்தம்

"நீங்க வடிகட்டின சத்தத்தை எனக்குப் போட்டுக் காட்டுங்க, சார்."

கேட்கவே கூடாதென்று எழிலரசியிடம் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தது இதைத்தான். அவளும் அம்மாவும் குடியிருந்த வீட்டு வசதி வாரிய வீட்டின் ஒற்றை அறையில் ஒரு மூலையைக் கம்பெனி ஆபீசாக்கியிருந்தது. சுற்றிலும் கண்ணாடி போன்ற ஒலித்திரை. மிக்சி, டிவி, பக்கத்து வீட்டுச் சண்டை எதுவும் உள்ளே வராது; திரை வடிகட்டியதெல்லாம் கம்பெனியின் பதிவுக்குப் போய்விடும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு வாரமாக அம்மா திரைக்கு வெளியே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி இவளைப் பார்த்துப் பேசுகிறாள். கேட்டால், "சும்மா பாட்டுடி" என்கிறாள். பாட்டுக்கு யாராவது கண்ணைத் துடைப்பார்களா?

"அதைக் கேட்டவங்க யாரும் வேலையில நிலைச்சதில்லம்மா," என்றார் மேலாளர் நிதின், கணினியிலிருந்து.

"எங்க வீட்டுச் சத்தத்தை வச்சு நீங்க என்ன ஊறுகாயா போடப் போறீங்க?"

அவர் முறைத்துக்கொண்டே பதிவை ஓடவிட்டார். அம்மாவின் குரல்.

"மார்ல கட்டி மாதிரி இருக்குடி. பயமா இருக்கு. ஒனக்குக் கேக்காதுங்கிற தைரியத்துலதான் சொல்றேன். கேட்டா வேலையை வுட்டுட்டு வந்து நிப்ப."

"கேட்டாச்சுல்ல? கஸ்டமர் காத்திருக்கார். இப்ப எந்திரிச்சா திரும்ப உட்கார முடியாது," என்றார் நிதின்.

எழிலரசி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் திரைக்கு வெளியே வந்தாள்.

"எந்திரிம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஆபீஸ் நேரத்துலயாடி?" என்று அம்மா பதறுவதற்குள், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் படியிறங்கியிருந்தாள்.