பின்படி விளக்கு

நாலாவது நிமிடத்தில் விளக்கு மங்கியது. ஒருமுறை துடித்தது. அணைந்தது.

கரண்ட் போனால் பேட்டரியில் ஒரு மணி நேரம் எரிய வேண்டிய அவசர விளக்கு.

விளக்குகளைச் சோதிக்க வந்திருந்த அவள் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டாள். கரண்டைத் திரும்பப் போட்டாள். அப்போது காலை பத்து மணி.

ஐந்து மாடித் துணிக்கடை அது. துணி எடுக்க வருகிறவர்களுக்கு முன்பக்கம் கண்ணாடி லிஃப்ட், அகலமான படி. அங்கே எல்லா விளக்கும் ஒரு மணி நேரம் குறையாமல் எரிந்தது.

வேலை செய்யும் பெண்களுக்குப் பின்படி. ஜன்னல் கிடையாது. கரண்ட் போனால் கடைக்கு ஜெனரேட்டர் வெளிச்சம் வரும். பின்படிக்கு இந்த விளக்குகள்தான்.

ஏணி போட்டு ஏறினாள். கூரைப் பலகையைக் கழற்றி, வயர் போகும் வழியைப் பார்த்தாள்.

கண்டுகொண்டாள்.

எவனோ இந்த விளக்குகளைப் படியின் சாதாரண சுவிட்சோடு சேர்த்து முறுக்கிவிட்டுப் போயிருந்தான்.

கேளுங்கள் கண்ணுகளா. இரவு கடை பூட்டும்போது காவலாளி அந்த சுவிட்சை அணைக்கிறார். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, விளக்குகள் எரியத் தொடங்குகின்றன.

ஒருவரும் இல்லாத படிக்கு.

பேட்டரியில் இருக்கிறதெல்லாம் தீரும் வரை எரிகின்றன. தினமும் இப்படி வடிந்து வடிந்து பேட்டரியும் செத்துவிட்டது. விடிந்து அறுபது பெண்கள் ஏறி வரும்போது அதில் என்ன இருக்கும்?

மதியம் ஏணியை மடக்கி வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் சிதம்பரதாணு, விளக்குகள் சரியாக இருக்கின்றன என்ற சான்றிதழை அவள் பக்கம் தள்ளினார். அவருடைய ஃபோன் மேசையில் சார்ஜில் கிடந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய ஃபோன்கள். பெண்களுடையவை. வேலை முடிந்த பிறகுதான் கிடைக்கும்.

"பட்டன அமுக்குனா எரியுதுல்லா? பொறவு என்னம்மா?"

"நாலு நிமிஷந்தான் சார் எரியுது."

"நாலு நிமிஷத்துல நான் கன்னியாகுமரிக்கே போயிருவேன். நாளைக்கு ஃபயர் ஆபீஸ்லேர்ந்து வாறாவ. போன வருஷம் வந்த ஆளு படியே ஏறல, கீழ நின்னே கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு. நீங்களும் போடுங்க."

அவள் பேனாவை மூடினாள்.

"அப்ப வாங்க சார். மேல இருந்து எறங்கிப் பாத்துருவோம்."

அவர் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார்.

ஐந்தாம் மாடியில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் படியின் இணைப்பை மட்டும் அணைத்தாள். விளக்குகள் எரிந்தன.

"பாத்தியளா?" என்றார் அவர்.

இறங்கினார்கள். படிக்குப் படி தீபாவளிச் சரக்குப் பெட்டிகள். வயிற்றை உள்ளிழுத்து, பக்கவாட்டில்தான் அவரால் இறங்க முடிந்தது. ஒரு பெட்டியை நகர்த்தினார். அது இன்னொன்றின்மேல் சாய்ந்தது. நின்று மூச்சு வாங்கினார்.

மூன்றாம் மாடி வளைவு வருமுன்பே விளக்கு துடித்தது.

அணைந்தது.

"ஏம்மா."



"ஏம்மா, எங்க நிக்கிய?"

அவள் இரண்டு படி மேலேதான் நின்றாள். வாய் திறக்கவில்லை.

அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சுவரைத் தடவும் சத்தம்.

மேலே ஒரு கதவு திறந்து மூடியது. யாரோ இறங்கி வந்தார்கள். அந்தச் செருப்புச் சத்தம் எங்குமே தயங்கவில்லை. வளைவில் வளைந்து, பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு, அவளைச் சுற்றிக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து நின்றது.

"யாரு? மேனேஜர் சாரா?"

மூன்றாம் மாடியில் சேலை விரித்துக் காட்டும் பெண்ணின் குரல்.

"ஃபோன் வச்சிருக்கியாம்மா? கொஞ்சம் வெளிச்சம் காட்டு."

"காலையில நீங்கதான சார் வாங்கி வச்சிய."

அவர் கால் ஒரு பெட்டியில் இடித்தது.

"எங் கையப் புடிச்சிக்கிடுங்க சார். அடுத்த படி ஒடஞ்சிருக்கும். அதத் தாண்டுனா வலது பக்கம் ரெண்டு பெட்டி. பயப்படாதீங்க. எங்களுக்குப் பழக்கந்தான்."

வளையல் சத்தம். பிறகு, மிக மெதுவாக ஒரு காலடி. இன்னொன்று.

விளக்கைச் சோதிக்க வந்தவளின் இடுப்புப் பையில் டார்ச் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

கீழே இன்னும் மூன்று மாடி இருந்தது.