சுமாரான படம்

மாணவி எடுத்த படத்தைப் போன வருடம் தன் பெயரில் போட்டிக்கு அனுப்பிக் கோப்பை வாங்கிக்கொண்டார் போட்டோகிராபி வாத்தியார். அவள் வாயே திறக்கவில்லை. பாவம், வாயில்லாப் பூச்சி என்று தெருவே உச்சுக்கொட்டியது.

இந்த வருடப் பயிற்சிக்குத் தலைப்பு மழை. பூட்டிய கடை வாசலில் கிடக்கும் ஒற்றைக் குடையைப் படமெடுத்துக் கொடுத்தாள்.

"சுமார்தாம்மா. பெரிய ஆளுங்க படத்தையெல்லாம் பாத்துப் படி. அடுத்த வாரம் முகபாவம் எடுத்துட்டு வா" என்றவர், படத்தைப் பைக்குள் தள்ளினார்.

"பாத்துட்டுதான் இருக்கேன் சார்."

போட்டி முடிவன்று தன் பெயரைக் கூப்பிட்டதும் வாத்தியார் தலையைச் சீவிக்கொண்டு மேடையேறினார்.

நடுவர் மைக்கைப் பிடித்தார். "குடைப் படம் பிரமாதம் சார். சின்ன வயசுல நான் எடுத்தப்பவும் அச்சு அசலா இப்படியேதான் இருந்துச்சு."

முன்வரிசையில் இருந்த மாணவி, வாத்தியாரின் முகத்தை நிதானமாக ஃபோகஸ் செய்தாள்.