வழிமறித்த தம்பி

“உங்க தம்பியால ஒரே ரோதனைம்மா,” என்றார் மனவளர்ச்சி குன்றியோர் இல்லக் காப்பாளர். “பக்கத்துக் கட்டில்காரரைக் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போனா, குளியலறை வாசல்ல நந்தி மாதிரி நிக்கிறான். நேத்து பணியாள் கையைக் கடிச்சுட்டான். இனியும் இப்படின்னா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.”

அக்கா வீட்டு நிலைமையை நினைத்துப் பார்த்தாள். எல்லாரும் வேலைக்குப் போகிற வீட்டில் அவனை யார் பார்த்துக்கொள்வது?

அன்றும் தம்பி குளியலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். பணியாள் பக்கத்துக் கட்டில்காரரின் கையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“என் மானத்தை வாங்காதடா. வழியை விடு.”

அக்கா பேச்சை அவன் தட்டியதே இல்லை. விலகினான்.

“எங்களால முடியல, நீங்க கெட்டிக்காரிதான்,” என்று காப்பாளர் சிரித்தார்.

பணியாள் அந்த மனிதரை உள்ளே கூட்டிப்போய்த் தாழிட்டார்.

உள்ளிருந்து இன்னும் ஒரு சத்தமும் எழவில்லை. அதற்குள் தம்பி தன் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டான்.