செத்தவன் போட்ட ஓட்டு

"செத்தவன் ஓட்டுப் போட வர்ற சீன் இடைவேளைக்கு அப்புறம் வருதே, எப்படித் தம்பி?"

கம்பத்தில் மேட்னி ஷோ முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தியேட்டர் மேனேஜர் நவாஸை மறித்து நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் மடக்கிய குடை, முகம் முழுக்கக் குழப்பம்.

நவாஸுக்குக் காரணம் தெரியும். ஒரே பிரிண்ட்டை உத்தமபாளையமும் கம்பமும் பங்குபோட்டு ஓட்டிக்கொண்டிருந்தன. நேற்று ஓட்டிய பின்பாதி இங்கேயே இருந்தது. உத்தமபாளையத்திலிருந்து முன்பாதிப் படப்பெட்டி ஏறி வந்த பஸ் புதுப்பட்டியில் பஞ்சர். உள்ளே விசில் பறந்ததும், ஆப்பரேட்டர் ரஃபி பின்பாதியை முதலில் ஓட்டிவிட்டான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஏதோ ஒரு நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். ஊதா நிற மாடு வானத்தில் மிதக்கும், வாழைத்தார் மைக் பிடித்து ஓட்டுக் கேட்கும், செத்துப்போன வேட்பாளர் எழுந்து வந்து தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்வார். மூன்று நாளாக ஜனம் தலையைப் பிடித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனது. இந்தப் படத்தை எந்தப் பக்கத்திலிருந்து ஓட்டினால் என்ன?

ஆனால் விஷயம் படம் தந்த மதுரைக் கம்பெனிக்குத் தெரிந்தால் இனி படமே தரமாட்டார்கள். தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்க முதலாளி ஏற்கெனவே சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் நவாஸும் ரஃபியும் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

"படமே அப்படித்தாண்ணே. நாவலை அச்சுப் பிசகாம எடுத்திருக்காக."

"நாவலைப் படிச்சிருக்கீகளா?"

"ரெண்டு தடவை" என்று கூசாமல் புளுகினான் நவாஸ்.

"அதுலயும் கல்யாணம்தான் முதல்ல வருதா?"

"ஆமாண்ணே. கல்யாணம், அப்புறம் எலெக்சன், சாவு. அதுக்கப்புறந்தான் செத்தவன் ஓட்டு."

அவர் ஓரடி முன்னால் வந்தார். "நெசமாவா? எந்தப் பதிப்புல?"

நவாஸ் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "பழைய பதிப்புண்ணே."

"அப்படி ஒரு பதிப்பே கெடையாதே."

இவர் பத்திரிகைக்காரராகத்தான் இருக்க வேண்டும். நாளைக்கே எழுதிக் கிழிக்கப்போகிறார் என்று நவாஸ் பயந்தான்.

"முந்தாநாள் இதே படத்தைத் தேனியில பாத்தேன். அங்கன செத்தவன்தான் முதல்ல வந்தான். இங்கன படத்தோட பேரே இடைவேளைக்கு அப்புறந்தான் போட்டீக. எனக்கு மண்டையே கொழம்பிப்போச்சு. உள்ளதைச் சொல்லுங்க தம்பி."

இதற்கு மேல் முடியவில்லை. பஸ் பஞ்சரான கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "கம்பெனிக்கு மட்டும் சொல்லிராதீகண்ணே. ரெண்டு குடும்பம் இதை நம்பித்தான் கெடக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

அவர் கையை உதறவில்லை. "இன்னைக்கு யாராச்சும் பாதியில எந்திரிச்சுப் போனாகளா?"

அப்போதுதான் நவாஸுக்கே உறைத்தது. "இல்லண்ணே. ஒருத்தர்கூடப் போகல."

"உள்ள சிரிச்ச சிரிப்பைக் கேட்டீகளா?"

"நான் எங்கண்ணே கேட்டேன், பொட்டிக்காக பஸ் ஸ்டாண்டுல காத்துக்கெடந்தேன். அடுத்த ஷோவுக்கு ஒழுங்கா ஓட்டிருவோம். இது சத்தியம்."

"ஐயோ, அப்படிச் செஞ்சிராதீக. இதே மாதிரியே ஓட்டுங்க."

நவாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குண்ணே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த நாவலை எழுதினதே நான்தான் தம்பி. அச்சாபீசுல முன்பாதியையும் பின்பாதியையும் மாத்திக் கோத்துப்புட்டாக. 'ஆகா, என்ன புதுமை'ன்னு ஊரே கொண்டாடவும் நானும் வாயை மூடிக்கிட்டேன். நான் எழுதின வரிசையில இந்தக் கதையை ஜனம் பாத்தது இன்னைக்குத்தான்."